டீச்சர் வீட்டு ஸ்பீக்கர்

குரோம்பேட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஹெட்போன்ல பாட்டு கேப்பீங்களா மேடம்?" என்றார்.

கேட்பேன் என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"பேப்பர் திருத்துற நேரம் பூரா."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். திருத்த வேண்டிய பேப்பர் இல்லாத நாள் என்று எனக்கு ஒன்று கிடையாது. காதுக்குள் சில நாட்களாக 'கிண்' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அங்கே போயிருந்தேன்.

"என்ன பாட்டு? பழைய பாட்டா?"

"ஹெவி மெட்டல்."

டாக்டர் என்னை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவரைப் பார்த்தார். நான் சொன்னதை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை என்பது போல இருந்தது. கணவர் மெதுவாகத் தலையாட்டினார். "ஆமா டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்கு" என்றார். வியாதியின் வயதைச் சொல்கிற குரல்.

காது கெட்டுப்போகவில்லை, ஆனால் கெட்டுப்போகப் பார்க்கிறது என்பது டாக்டரின் முடிவு. ஹெட்போனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கேட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்பீக்கரில், தள்ளி உட்கார்ந்து, அளவாகக் கேட்கலாம்.

இரைச்சலான இந்த ராக் பாட்டைக் கேட்கிற பழக்கம் எனக்குக் கல்லூரி விடுதியில் வந்தது. என் அறைத்தோழி அவள் அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு கேசட்டை எடுத்து வந்திருந்தாள். முதல் தடவை கேட்டபோது நாடா சிக்கிக்கொண்டது என்று நினைத்து நான்தான் எழுந்து போய் நிறுத்தினேன். அவள் மறுபடி போட்டாள். மூன்றாவது நான்காவது தடவையில், அந்த இரைச்சலுக்குள்ளே யாரோ கட்டம் கட்டமாகக் கோலம் போட்டிருப்பது தெரிந்தது. இரண்டு கிதார்கள் பேசி வைத்துக்கொண்டது போல ஓடும். டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே கையால் வேறொரு கணக்குப் போடுவார். ஐந்தரை நிமிடம் கழித்து எல்லாரும் சொல்லி வைத்த இடத்தில் வந்து சேர்ந்து நிற்பார்கள். ஒரு எண் மீதி இல்லாமல் வகுபடுவதைப் பார்க்கிற சந்தோஷம் அது. எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, போதகரை வரச் சொல்லி ஜெபம் பண்ணலாமா என்று அப்பாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நான் ஹெட்போனுக்குள் போனவள்தான்.

என் கணவர் தாம்பரத்தில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில், நான்கு குரல்களில் ஆக அடியில் போகிற கீழ்க்குரலைப் பாடுகிறவர். வேலை மறைமலை நகரில், வண்டி இன்ஜினுக்கு அடியில் அதிர்வு தெரியாமல் இருக்க வைக்கிற ரப்பர் துண்டுகள் செய்கிற கம்பெனியில். அமைதியான மனிதர். என் சங்கீதம் இத்தனை வருடத்தில் அவருக்குக் கொசு பறக்கிற அளவில்தான் அறிமுகம். டாக்டரின் கிளினிக்கிலிருந்து இறங்கும்போது, "நல்லதா ஒரு ஜோடி வாங்கிடலாம்" என்றார் பெருந்தன்மையாக. அவர் மனதில் இருந்தது, அலமாரியில் போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, வெள்ளை நிறத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விற்பனையாளர் கழுத்தில் டை கட்டிய, மரியாதையான ஆள். கேள்விகளையெல்லாம் என் கணவரிடமே கேட்டார். "ஹால் எவ்ளோ பெருசு சார்? படம் பாப்பீங்களா சார்?" என்று கேட்டபடி எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெலிகாப்டர் ஒன்றைத் தலைக்கு மேல் சுற்றவிட்டார். பிறகு ஒரு பாலம் வெடித்தது.

"எனக்கு ஹெலிகாப்டர் வேணாம். ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர் போதும். பாட்டு கேக்க" என்றேன்.

அவர் முகம் கனிந்துவிட்டது. "மேடம் மெலோடி கேப்பாங்க போலிருக்கு" என்று கணவரிடம் சொன்னார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் போனை இணைத்து, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் போட்டேன். விற்பனையாளர் பாய்ந்து போய் ஒலியைக் குறைத்தார். "சாரி மேடம். இந்த பீஸ்ல உள்ள இருக்கிற பேப்பர் கோன் கிழிஞ்சிருக்கு போல. வேற மாத்துறேன்." வேறு ஜோடிக்கு மாற்றினார். அதிலும் கிழிந்திருந்தது. குனிந்து வயரைப் பிடுங்கிச் சொருகினார். மூன்றாவது ஜோடிக்குப் போனபோது அவர் நெற்றி வியர்த்துவிட்டது. கடையின் சரக்கு மொத்தமும் ஒரே நாளில் கெட்டுப்போனதை முதலாளிக்கு எப்படிச் சொல்வது என்ற கவலை கண்ணில் தெரிந்தது.

"ஸ்பீக்கர் நல்லாதான் இருக்குங்க. கிதாரே அப்படித்தான். வேணும்னே கிழிய வெச்சு வாசிக்கிறாங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "அப்போ ஸ்பீக்கர் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

நல்ல கேள்வி. அன்றைய நாளின் ஒரே நல்ல கேள்வியும் அதுதான். நான் வகுப்பில் நிற்பதைப் போல எழுந்து நின்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். மட்டமான ஸ்பீக்கரில் எல்லாம் சேர்ந்து குழைந்த உப்புமா மாதிரி வரும். நல்லதில், கிழிசல் இருந்தாலும் ஒவ்வொரு கிழிசலும் தனித்தனியாகத் தெரியும். இடது பக்கக் கிதாரும் வலது பக்கக் கிதாரும் ஒன்றில்லை என்று புரியும். கீழே டிரம்ஸின் மிதி எவ்வளவு வேகமாகப் போனாலும், தரையில் கொட்டின பட்டாணி மாதிரி ஒவ்வொன்றும் உருண்டையாக விழ வேண்டும். வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, 'பொம்ம்' என்று ஆகிவிடக்கூடாது.

"இங்க இருக்கிற எல்லாத்துலயும் பொம்முன்னுதான் மேடம் வரும். கஸ்டமருங்க அதத்தான் கேக்கிறாங்க" என்றார் அவர் உண்மையாக.

என் கணவர் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். அதை அவரிடமிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே அழைத்து வந்தேன்.

அதற்குப் பிறகு இணையத்தில் பழைய ஸ்பீக்கர் விற்கிறவர்களைத் தேடினேன். கோவிலம்பாக்கத்தில் ஒருவர், இடுப்பு உயரத்துக்கு நிற்கிற மரப்பெட்டி ஜோடியை, அதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்து விற்பதாகப் போட்டிருந்தார். போனில் பேசியபோது விலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "நேர்ல வாங்க, பேசலாம்" என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற தொனி.

போனோம். ஓய்வுபெற்ற பொறியாளர், வெள்ளை வேட்டி. வீணையும் நாதஸ்வரமும் தவிர வேறெதுவும் அந்தப் பெட்டிகளில் ஒலித்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விற்பதில் அவருக்கு இஷ்டமில்லை, அவர் மனைவிக்குத்தான். அந்த அம்மா எங்களுக்குக் காபி கொடுத்த கையோடு, அளவு நாடாவை எடுத்து ஸ்பீக்கர் நிற்கிற இடத்தை அளந்துகொண்டிருந்தார். அங்கே ஊஞ்சல் வரப்போகிறதாம்.

"நீங்க என்ன கேப்பீங்க?" என்றார் அவர் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நாங்க சர்ச் கொயர் சார்."

அது பொய்யில்லை. ஆனால் 'நாங்க' என்பதில் நான் இல்லை. பெரியவர் மகிழ்ந்து போய், அப்படியானால் ஒன்று போட்டுக் கேளுங்கள் என்றார். கணவர் தன் போனில் இருந்த கிறிஸ்துமஸ் ஆராதனைப் பதிவைப் போட்டார். நான்கு குரல்களும் எழுந்தன. கீழ்க்குரல் வந்த இடத்தில் என் கணவர் காபி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இது நான்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "இத்தன வருஷமா பாடுறேன், என் குரல் தனியா எனக்கே கேட்டதில்ல." வெள்ளைப் பெட்டி அவர் மனதை விட்டுப் போனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே. என் போனை இணைத்தேன். கணவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். போட்டுவிட்டேன்.

பெரியவர் கண்ணை மூடி, கச்சேரியில் உட்கார்ந்திருப்பது போலவே முழுவதையும் கேட்டார். ஊஞ்சலுக்கு அளவெடுத்த அம்மா மட்டும் உள்ளே போய்விட்டார். பாட்டு முடிந்தது.

"பாடுறவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாதான் இருக்கார் சார். அது அப்படிப் பாடுறது."

"சரி. ஆனா கீழ ஒண்ணு போகுது பாருங்க, தவில் மாதிரி. அந்த ஆள் சாதகம் பண்ணியிருக்கான்." அப்புறம் பெட்டியின் மேல் கையை வைத்து, "இந்தப் பெட்டிக்கு இப்படி ஒரு சக்தி இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். விலை அதற்குப் பிறகு இரண்டு வார்த்தையில் முடிந்தது. வாடகைக்குப் பிடித்த குட்டி வேனில் ஏற்றும்போது வாசல்வரை வந்து, வெயில் படாமல் வைக்கச் சொன்னார். ஈரத் துணியால் துடைக்கக்கூடாது என்றும் சொன்னார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில், ஒரு சிறிய அடுக்குமாடியின் முதல் தளம். ஹாலில் ஸ்பீக்கர்கள் வந்து நின்றதும், வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்து உட்காராமல் நிற்பதைப் போலத்தான் இருந்தது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்து முடிந்தது. வார நாட்களில் மெதுவாக வைத்துக் கேட்டேன். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கணவர் பாட்டுப் பயிற்சிக்கு ஆலயத்துக்குப் போவார். டாக்டர் சொன்ன 'அளவாக' என்பதை அப்போது கொஞ்சம் தாராளமாகப் புரிந்துகொண்டேன்.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருக்கிறார். கட்டடம் கட்டின நாளிலிருந்து அவர்தான் செயலாளர். வேறு யாரும் போட்டியிட்டதில்லை. மாடிப்படிக்கு அடியில், அவர் படுக்கையறைச் சுவரை ஒட்டி, தரைக்கு அடியிலிருக்கும் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இருக்கிறது. தினமும் நான்கு மணிக்கு அவரே போட்டு அவரே நிறுத்துவார். அந்த மோட்டாரின் நாடியை அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை.

முதல் சனிக்கிழமை நான் பாட்டில் மூழ்கி இருந்தபோது, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மோட்டாரில் அசாதாரணமான சத்தம் வருகிறது. நிறுத்தியும் சிறிது நேரம் அதிர்வு தொடர்கிறது. பழுது பார்க்கும்வரை குடியிருப்போர் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.

உடனே எழுந்து பாட்டை நிறுத்திவிட்டு, குழாயில் வருகிறவரை பிடித்துவைக்கலாம் என்று பக்கெட்டுகளை எடுத்தேன். போகிற போக்கில் செயலாளருக்கு, உங்கள் கவனத்துக்கு நன்றி என்று எழுதி, கூப்பிய கைப் படம் ஒன்றும் போட்டேன்.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. அதற்கடுத்த நாள் மோட்டார் மெக்கானிக் வந்தார். ஆஃப் பண்ணியும் அதிர்ந்தது என்று செயலாளர் சொன்னதைக் கேட்டு, "அப்ப பேரிங்தான் சார். டவுட்டே இல்ல" என்று புது பேரிங் போட்டுவிட்டுப் போனார். மோட்டார் வாரம் முழுவதும் பூனை மாதிரி ஓடியது. செயலாளர் குழுவில் மெக்கானிக்கைப் பாராட்டி எழுதினார். நான் அதற்கும் கை கூப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சத்தம். இந்த முறை செயலாளர் குழுவில் எழுதவில்லை. மெக்கானிக்கைக் கையோடு கூப்பிட்டுவிட்டார். நான் மேலே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் ஓடிக்கொண்டிருந்தார். கீழே நடந்ததைப் பிறகு செயலாளரே சொல்லித்தான் தெரியும்.

மெக்கானிக் மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு, "சார், மோட்டார் ஆஃப்ல கீது. சத்தம் மட்டும் வந்துகினே கீது. இன்னா பேஜாரா கீது இது" என்றிருக்கிறார். காதைக் குழாயில் வைத்திருக்கிறார், சுவரில் வைத்திருக்கிறார். பிறகு இரண்டு பேருமாக, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி படியேறி வந்திருக்கிறார்கள்.

மணி அடித்தது. திறந்தேன். செயலாளரின் உள்ளங்கை இன்னும் என் வாசல் சுவரின் மேலேயே இருந்தது.

மெக்கானிக்தான் முதலில் பேசினார். "யக்கா, உள்ள இன்னா மிசின் ஓடுது?"

"மிஷின் இல்லப்பா. பாட்டு."

அவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார். சோபாவில் கிடந்த விடைத்தாள்களையும் சிவப்புப் பேனாவையும் பார்த்தார். "பேரிங் நல்லா கீது சார்" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செயலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டீச்சர், குரூப்ல நீங்க கை கூப்பிப் போட்டிருந்தீங்க" என்றார். "ரெண்டு தடவ."

கணவர் வீடு திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு அதன் அடிப்பாகத்தில் கையை வைத்தார். "பெட்டி நேரா தரையில நிக்குது. தரை அப்படியே கீழ கொண்டு போகுது. இது நம்ம கேஸ்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

கம்பெனியில் சொல்லிவிட்டு, ஒதுக்கிவைத்த ரப்பர் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கார் இன்ஜினுக்கு வைப்பது, வேனுக்கு வைப்பது, லாரி கேபினுக்கு வைப்பது. அந்த வாரம் மாலை நேரமெல்லாம் பரிசோதனைதான். செயலாளர் கீழே தன் படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். நான் பாட்டைப் போடுவேன். கணவர் போனில், "இப்ப சார்?" என்பார்.

"கேக்குது. ஆனா அடுத்த தெருவுல கேக்கிற மாதிரி கேக்குது."

கணவர் ரப்பரை மாற்றுவார். "இப்ப?"

"இப்ப மோட்டார் மாதிரி இல்ல. கிரைண்டர் மாதிரி இருக்கு."

கடைசியில் லாரி ரப்பர் நான்கு, அதன் மேல் சமையலறை மேடை போட்டபோது மிஞ்சின கிரானைட் பலகை, அதன் மேல் ஸ்பீக்கர் என்று அமைந்தது. கீழே எதுவும் கேட்கவில்லை. மேலே எனக்கு, பட்டாணி முன்னைவிட உருண்டையாக விழுந்தது. பெட்டி ஆடாமல் நின்றால் மிதியும் தெளிவாகிறது போலிருக்கிறது. கணவர் அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இன்றும் பாடகர் குழுவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குழுவில் செயலாளர் எழுதினார்: மோட்டார் நல்ல நிலையில் உள்ளது. சத்தத்தின் காரணம் கண்டறியப்பட்டு நிவர்த்தி செய்யப்பட்டது. யார் பெயரும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடி அம்மா என்னைப் படியில் பார்த்தபோது, "பாட்டு நல்லா போகுதா டீச்சர்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் சங்க விஷயமாக மேலே வந்தார். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "ஒரு தடவ முழுசா போடுங்களேன். எதுக்கு இவ்ளோ பாடுபட்டோம்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நேராக இருக்கிற நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டார்.

"எதுக்கு இந்த ஆள் இவ்ளோ கோவமா இருக்கார்?"

"ஊர்ல ஆறு வத்திப்போச்சாம் சார். அதப் பத்தின பாட்டு."

"தண்ணிப் பிரச்சனையா?" செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கோவம் நியாயம்தான். என்ன, இன்னும் கொஞ்சம் புரியுற மாதிரிக் கத்தலாம்."

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு. ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு, கணவருக்கு. அவர் உலகத்துக் கீழ்க்குரல்காரர்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கேட்கிறார். என்னுடைய பாட்டு ஓடும்போதும் உள்ளறைக்குப் போவதில்லை. செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். போன வாரம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இந்த ஆம்ப்ளிஃபையர் கொஞ்சம் தெணறுது, கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

"மேடவாக்கத்துல ஒருத்தர் நல்லது ஒண்ணு விக்கிறாராம். வாங்கணும்னு இல்ல. சும்மா பாத்துட்டு வரலாம்."

திருத்த வேண்டிய பேப்பர் ஒரு கட்டு இருக்கிறது என்று சொன்னேன். அதற்குள் அவர் எழுந்து, இரண்டு ஹெல்மெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.